மஃபலாலாவில் பதினான்காம் குறிச்சி

ஒஸ்லோவில் வைத்தியரிடம் போனால், தாதி கதவைத் திறந்துகொண்டு வந்து என் புருஷனுடைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவாள். முதல் தடவை நான் எழும்பவில்லை. வாசலைத்தான் திரும்பிப் பார்த்தேன். செத்து இத்தனை வருடத்துக்குப் பிறகு மனிதர் எங்கே வந்து நிற்கிறாரோ என்று தேடினேன். தாதி மறுபடியும் கூப்பிட்டாள். காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நான்தான் மிச்சம் என்று கண்டு, எனக்குக் கிட்ட வந்து குனிந்து அந்தப் பெயரைக் கேட்டாள். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், “அவர் செத்துப்போனார்” என்றேன். அவளுக்கு முகம் வெளிறிப்போயிற்று. உள்ளே ஓடிப்போய்க் கணினியைப் பார்த்துவிட்டு வந்து, “இல்லை, இங்கே உயிரோடுதான் இருக்கிறது. அது நீங்கள்தான்” என்றாள்.

இது இங்கே வந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். எங்களுக்கு எங்கே குடும்பப் பெயர்? பிள்ளைகள் தகப்பனுடைய பெயரை எழுதுவார்கள், பெண்சாதி புருஷனுடையதை எழுதுவாள். பிறகு அந்தப் பெயரே ஆளாகிவிடும். ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நான் அவரோடு வாழ்ந்த காலத்திலும், அவர் போன பிறகும், அந்தப் பெயரை வாயால் சொன்னவள் இல்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது என்றாலும் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது ஹொல்ம்லியாவில், நகரத்தின் தெற்கு ஓரத்து அடுக்குமாடி வீடுகளில். இந்த நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு பீடெல் என்று பெயர். ஒவ்வொரு பீடெலுக்கும் ஓர் அலுவலகம். எங்கள் அலுவலகத்துக்கு என் பிறந்த நாள் தெரியும், இலக்கம் தெரியும், எந்த மாதம் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தேன் என்பதும் தெரியும். என்னைத் தெரியாது. நான் வந்த இரண்டாம் பனிக்காலத்தில் எங்களுக்கு மேல் வீட்டில் தனியாக இருந்த ஒரு மனிதர் இறந்துபோனார். படியில் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். கடிதப் பெட்டி நிரம்பி வழிந்தபோது கூட, எங்காவது வெயிலடிக்கும் நாட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். மணம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி இறங்கியபோது எனக்கு அந்த மனிதரை நினைத்து அழுகை வரவில்லை. என் மகன் மோகன் எந்தக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறானோ என்றுதான் நினைத்தேன்.

மோகன் எனக்குக் கடைசிப் பிள்ளை. அக்கா வசந்தா ஒஸ்லோவில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில், இருபத்திரண்டு வயதில், காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிக்கிட்டான். நேரே வர வழியில்லை, ஆபிரிக்காப் பக்கம் சுற்றி வரவேண்டும் என்றார்கள். சண்டையால் தபால் நின்றுபோகும் முன் ஒரேயொரு கடிதம் வந்தது. “அம்மா, நான் இப்ப மஃபலாலா எண்ட இடத்திலை நிக்கிறன். இஞ்சை எல்லாம் பலகையும் தகரமும் அடிச்ச வீடுகள். சனம் நல்ல சனம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.” அந்தக் கடிதத்தை அவனோடு நின்ற ஆரோ ஒரு பெடியன் கொண்டுபோய் லண்டனில் தபாலில் போட்டிருக்கவேண்டும் என்பது இப்போதுதான் விளங்குகிறது. முத்திரையில் இங்கிலாந்து ராணியின் தலை. அவன் எப்படியோ லண்டன் சேர்ந்துவிட்டான், மஃபலாலா அங்கே ஏதோ ஓரத்தில் இருக்கிற இடம் என்று நினைத்து, எத்தனையோ வருடம் இங்கிலாந்தில் உள்ள சொந்தக்காரரையெல்லாம் கேட்டு அலைந்தோம். மருமகன் ஆபிரிக்கா வரைபடத்தையும் விரித்து வைத்துப் பார்த்தார். அப்படி ஓர் ஊர் அதில் இல்லை.

பிறகு நானும் ஒஸ்லோ வந்து சேர்ந்தேன். ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் இறங்கும் கறுத்த, ஒல்லியான பெடியன்களின் பிடரியைப் பார்த்துப் பார்த்து நின்றிருக்கிறேன். பலர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவன் போய்ப் பன்னிரண்டு வருடம் கழிந்திருந்தது. ஆனாலும் நான் தேடியது இருபத்திரண்டு வயதுப் பிடரியைத்தான்.

அந்த வருடம், ஊரில் சமாதானம் என்று சனம் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், வசந்தா சமையலறையில் வைத்துக் கதையைத் தொடங்கினாள்.

“அம்மா, பன்னிரண்டு வருசம் தாண்டியிட்டுது. ஐயரிட்டைக் கேட்டனான். தர்ப்பையிலை உருவம் செய்து வைச்சுச் செய்யலாமாம்.”

“ஆருக்கு?”

“ஆருக்கெண்டு தெரியாத மாதிரிக் கேக்கிறியள். தம்பிக்குத்தான்.”

“செத்தவனுக்குத்தானே செய்யிறது. அவன் செத்தவன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“உயிரோடை இருந்தால் ஒரு போன் எடுக்கமாட்டானோ அம்மா?”

நான் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். உயிரோடு இருப்பவனுக்குச் சாவுக் கிரியை செய்வது பாவம். செத்தவனுக்குச் செய்யாமல் விடுவதும் பாவம். எந்தப் பாவத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் ஒரு தாய் எத்தனை காலம் நிற்பது? ஒரு சொல் தெரிந்தால் போதும் என்றிருந்தது. இருக்கிறான், அல்லது இல்லை.

எங்கள் கட்டிடத்தின் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. அங்கேதான் அமேலியா பழக்கமானாள். பக்கத்து வாசலில் இருப்பவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள், முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. ஒரு நோர்வேஜியரைக் கட்டி இங்கே வந்தவள். மொசாம்பிக் நாட்டுக்காரி, போர்த்துக்கீசம் பேசுகிறவள். இடுப்பில் பூப் போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கி வருவாள். இரண்டு பேருக்கும் நோர்வேஜிய மொழி அரைகுறை. அதனால் இந்த நாட்டுக்காரரைவிட எங்களுக்குள் நன்றாகவே விளங்கியது. அவள் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஒருநாள் இயந்திரம் சுற்றி முடியக் காத்திருந்தபோது, தன் நகரம் மாப்புத்தோவைப் பற்றிச் சொன்னாள். “இஞ்சை கிழக்கு, மேற்கு எண்டு பிரிஞ்சிருக்குதெல்லோ? எங்கடை நகரம் சீமெந்து, நாணல் எண்டு பிரிஞ்சது. போர்த்துக்கீசர் இருந்தது சீமெந்து நகரத்திலை. நாங்கள் வெளியிலை, நாணலும் தகரமும் அடிச்ச பைரோக்களிலை.” பைரோ என்றால் நகரத்தின் ஒரு பகுதி. அவள் சலவைத் தூளை மேசையில் கொட்டி விரலால் கோடு போட்டுக் காட்டினாள். இது பைரோ. இதற்குள்ளே இலக்கம் போட்ட சின்னத் துண்டுகள். எங்கள் ஊர்க் குறிச்சி மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு தலைவர், அதற்குள்ளும் பத்துப் பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். ஆர் வந்தது, ஆர் போனது, ஆர் பிறந்தது, ஆர் செத்தது, எல்லாம் தலைவருடைய கொப்பியில் இருக்கும். ஒழுங்கைகளுக்குப் பெயர் கிடையாது. குறிச்சியும் வீட்டிலக்கமும் சொன்னால் போதும்.

“எங்களுக்கும் அப்பிடித்தான்,” என்றேன் பெருமையாக. “நாலாம் வட்டாரம் எண்டு எழுதினால் கடிதம் வீட்டை வரும்.”

அவள் தூளில் தொட்டுத் தொட்டுப் பைரோக்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாள். “சமன்கூலோ. சிப்பமனீனே. மலங்கலேனே. மஃபலாலா.”

நான் அவளுடைய விரலைப் பிடித்துவிட்டேன்.

அவள் பயந்துபோனாள். என்ன, கை நோகுதோ என்று என்னைக் கேட்டாள். இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே கூட்டிக்கொண்டு வந்து கடிதத்தைக் காட்டினேன். அவளுக்கு எங்கள் எழுத்துத் தெரியாது. விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். மஃபலாலா ஊரில்லை, நகரத்துக்குள் ஒரு துண்டு. அதுதான் எந்த வரைபடத்திலும் எங்களுக்கு அகப்படவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் ஒரு நாட்டைப் போலப் பெரிதாகச் சுமந்த சொல், சலவைத் தூளில் ஒரு விரலடி இடம்.

அமேலியாவின் தங்கை ரோசா மாப்புத்தோவில் சந்தை வியாபாரி. அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை மஃபலாலாவுக்குப் போய் மோகன், மோகன் என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டாள். இந்தியர் மாதிரி ஒரு ஆள், மெலிந்தவர், நெற்றியில் தழும்பு என்று எல்லாம் சொல்லிப் பார்த்தாள். அப்படிப் பெயருள்ள ஒருவரும் இல்லை என்றார்கள். பைரோவில் நாற்பது, ஐம்பது குறிச்சி இருக்கும், எல்லாத் தலைவரையும் சும்மா கேட்டுக்கொண்டு திரிய ஏலாது என்றாள். நானும் கேட்பதை விட்டேன். வசந்தா ஐயருக்குப் போன் எடுத்து நாள் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு மறுபடி வைத்தியரிடம் போகவேண்டி வந்தது. வசந்தாவுக்கு வேலை. அமேலியா துணைக்கு வந்தாள். தாதி கதவைத் திறந்து வழக்கம்போல என் புருஷனுடைய பெயரைக் கூப்பிட்டாள். நான் எழும்பினேன். திரும்பி வரும் வழியில் அமேலியா கேட்டாள்:

“ஆரது, அவள் கூப்பிட்டது?”

“நான்தான்.”

“உன்ரை பெயர் தையல்நாயகி எண்டெல்லோ சொன்னனீ?”

“அவள் கூப்பிட்டது என்ரை மனுசன்ரை பெயர்.”

“சொல்லு பாப்பம், எப்பிடிச் சொல்லுறது?”

“நான் சொல்லமாட்டன். நாங்கள் சொல்லுறேல்லை.”

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். “சொன்னால் என்ன, எழும்பி வந்திடுவாரோ? என்ரை மனுசன்ரை பெயரை நான் நாளுக்குப் பத்துத் தரம் கத்துவன். ஒரு நாளாவது எழும்பிப் போய்க் குப்பை போட்டவர் இல்லை.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “தையல், உன்ரை மகன்ரை கடவுச்சீட்டிலையும் குடும்பப் பெயர் அதுதானே?”

ஓம் என்றேன்.

“அப்ப அங்கை ஆருக்கு மோகனைத் தெரியும்? குறிச்சித் தலைவர் எழுதுறது குடும்பப் பெயரை. சனம் கூப்பிடுறதும் அதைச் சொல்லித்தான்.”

இந்த நாட்டில் மாதத்துக்கு ஒரு தடவை என்னையே அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள். என் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே. எங்களுக்கு அவன் மோகன். வேறொருவனாக அவன் எங்கேயும் இருக்கமாட்டான் என்று நாங்கள் நினைத்தோம். வைத்தியர் அனுப்பிய கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, அந்தப் பெயருக்குக் கீழே விரலை வைத்து அமேலியாவிடம் கொடுத்தேன். அவள் பார்த்து எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அமேலியா எங்கள் வீட்டுக்கு வந்து ரோசாவுக்குப் போன் எடுத்தாள். ரோசா அப்போது பதினான்காம் குறிச்சித் தலைவருடைய வீட்டு முற்றத்தில் நின்றாள். அந்தப் பெயரைக் காட்டியதும் இரண்டு கிழவிகள் அவளை நேரே அங்கேதான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. என் குறிச்சி ஆட்களைப் பற்றி ஆரோ கேட்டதற்கெல்லாம் சொல்வதில்லை, சொந்தக்காரர் தம் வாயால் கேட்கவேண்டும் என்றாராம். தாய் போனில் இருக்கிறாள் என்றதும், “அப்படியானால் அவரே பெயரைச் சொல்லட்டும்” என்றார்.

வசந்தா, “நான் சொல்லுறன், தாங்கோ” என்று கையை நீட்டினாள். அமேலியா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தாய் என்று சொல்லியாகிவிட்டது.

நான் போனை வாங்கினேன். அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது. பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. ஆரோ இருமினார்கள். மஃபலாலா அப்படிக் காதுக்குள் நின்றது. என் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து சொல்லாத பெயரை, முகம் தெரியாத ஓர் ஆபிரிக்க மனிதருக்குச் சொன்னேன். ஒரு தரம்தான். சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

பிறகு அந்த மனிதர் அதே பெயரைத் திருப்பிச் சொன்னார். முன்னுக்கு செஞ்ஞோர் என்று மரியாதை போட்டு, மெல்ல, தெரிந்த ஒருவருடைய பெயரைச் சொல்வதுபோல. கடல் தாண்டி ஒருநாளும் போகாத என் புருஷன் அங்கே ஒரு முற்றத்தில் மரியாதையோடு நின்றார்.

போனை அமேலியாவிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எட்டாம் வீட்டின் பின்னறையில் இருந்தவராம். ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டும் அக்காவின் விலாசமும் இருந்த பையோடு ஓடிப்போக, கூட வந்தவர்கள் ஒவ்வொரு வழியாகப் போய்விட, இவர் நின்றுவிட்டாராம். ரேடியோ, தையல் மெஷின் திருத்துவாராம். பகிடி விடுவாராம். மூன்றாம் வருட மழைக்குக் காய்ச்சல் வந்ததாம். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயும் தாங்கவில்லையாம்.

வசந்தா நிலத்தில் இருந்துவிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மூன்றாம் வருடம் என்றால், நான் இந்த நாட்டுக்கு வரும் முன்னமே. ஹொல்ம்லியா நிலையத்தில் நான் பார்த்த ஒவ்வொரு பிடரியும், அவன் இல்லாத உலகத்துப் பிடரி.

“தனியவோ கிடந்தவன்?” என்று கேட்டேன். மேல் வீட்டு மனிதர் என் கண்ணுக்குள் நின்றார். அமேலியா அதைக் கேட்டாள். அந்தப் பக்கம் தலைவருடைய குரல் உயர்ந்தது, கோபம் வந்ததுபோல. அமேலியா சொன்னாள்: “என்ன கேக்கிறாய் எண்டு ஏசுறார். பதினாலாம் குறிச்சியிலை ஒருத்தரும் தனியச் சாகிறதில்லையாம். பத்து வீட்டுப் பெம்பிளையளும் வாசல்லை பாய் போட்டு ஏழு நாள் இருந்தவையாம். அவருக்கு அழ ஆக்கள் இருந்தது, தாயிட்டைச் சொல்லு எண்டுறார்.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அது ஓய்ந்த பிறகும் தலைவர் போனை வைக்கவில்லை. கொப்பியை எடுத்து வந்திருந்தார். அதில் மகனுடைய பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடம் இருக்கிறதாம், தாய் பெயர் எழுதும் இடமும் இருக்கிறதாம். தாயின் இடம் வெறுமையாகக் கிடக்கிறது, பிறகு கேட்கலாம் என்று விட்டது என் பிழை, மன்னிக்கவேண்டும் என்றார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். என்னுடைய பெயரைச் சொன்னேன். தையல்நாயகி. அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார்.

மாதம் முடிவதற்குள் மோகனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தோம். கடைசியாக இருந்த இடம் எது என்று ஐயர் கேட்டார். மஃபலாலா, பதினான்காம் குறிச்சி, எட்டாம் வீடு என்று நானே சொன்னேன். அவர் மந்திரத்துக்கு நடுவில் அதைச் சேர்த்துச் சொல்லக் கொஞ்சம் கஷ்டப்பட்டார். ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று போனை வைக்கும் முன் குறிச்சித் தலைவர் என்னிடம் ஒரு வாக்குக் கேட்டார். கொப்பியில் ஒரு பெயர் ஏறினால் அது எங்கள் ஆள், அந்தப் பெயருக்கு நேரே ஒருநாள் ஒரு கோடு கீறவேண்டி வரும், அதனால் தாய்க்கு ஏதும் ஆனால் எங்களுக்கும் அறிவிக்கவேண்டும் என்றார். அறிவித்தால் என்ன செய்வீர்கள் என்று அமேலியாவை விட்டுக் கேட்டேன். இதென்ன கேள்வி, மகனுக்குச் செய்ததைத்தான் செய்வோம் என்றார்.

வசந்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “நான் செத்தால் பீடெலுக்கு அறிவி. பிறகு மஃபலாலாவுக்கு ஒரு போன் எடு.”

“ஊருக்கு?” என்று கேட்டாள்.

“அங்கை இப்ப ஆர் இருக்கினம், சொல்ல?”

அவள் நம்பரை எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். எனக்கு இங்கே மகள் இருக்கிறாள், கொள்ளி வைக்கப் பேரன் இருக்கிறான். பனிக்கு நடுவில் ஒரு மண்டபத்துக்குள் வைத்து எரிப்பார்கள், நாலு பேர் கறுப்புக் கோட்டோடு வந்து போவார்கள். அதே நாளில், வெயிலடிக்கும் ஓர் ஒழுங்கையில், நான் ஒருநாளும் மிதிக்காத எட்டாம் வீட்டு வாசலில், பூப் போட்ட துணி சுற்றிய பெண்கள் பாய் விரிப்பார்கள். தெருவால் போகிறவர் ஆர் செத்தது என்று கேட்பார். எங்கடை ஒரு கிழவி என்பார்கள்.